எண் பொருந்தாத துப்பாக்கி

பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய ரிவால்வர் ஒன்று விலைக்கு வந்தால், அதன் அழகை அவர்கள் முதலில் பார்ப்பதில்லை. அதில் பொறித்துள்ள எண்களையே பார்ப்பர். உடற்பகுதியில் ஓர் எண், தோட்டாக்களை இடும் உருளையில் ஓர் எண், குழலில் ஓர் எண், பிடியின் அடியில் ஓர் எண். யாவும் ஒன்றாயின் விலை ஏறும்; வேறுபடின் இறங்கும். ‘இது கலப்படச் சரக்கு’ என்று ஒதுக்குவோரும் உளர். எண் பொருந்தாமை எப்போதும் பொய்யின் அடையாளந்தானா? வரலாற்றைத் துணைக்கழைத்து இதனைச் சற்றே ஆராய்வோம்.

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நேயர்களுக்கு உறுப்புகளில் எண் பொறிக்கும் வழக்கம் புதிதன்று. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அத்தகைய பட்டறைகளில் உழைத்தோர் நம் குடும்பங்களிலும் பலர். இரும்பில் பொறித்த எண் அலங்காரமன்று, அது சாட்சி என்பதை அவர்கள் அறிவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் துப்பாக்கியின் உறுப்புகளைக் கையால் அராவிப் பொருத்தினர். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் செவ்வனே அமராது. மெருகிடவும் பதமிடவும் கழற்றியவற்றை மீண்டும் தத்தம் இணையோடு சேர்ப்பதற்கே எண்கள் முதலில் பயன்பட்டன. விற்றவரையும் வாங்கியவரையும் ஏடுகளில் குறிக்கும் பயன் அதனோடு கூடிற்று.

அந்தச் சாட்சியின் வலிமைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1928 டிசம்பர் 17ஆம் நாள் லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 1931 மார்ச் 23ஆம் நாள் பகத்சிங்கும் தோழர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். பகத்சிங்கின் கைத்துப்பாக்கியோ நெடுங்காலம் எங்கே என்று அறியப்படாமல் இருந்தது. பின்னாளில் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதக் காட்சிக்கூடத்தில், கறுப்பு வண்ணம் பூசிய பல கருவிகளுள் ஒன்றாக அது கிடந்தது. வண்ணத்தைச் சுரண்டியபோது 168896 என்ற எண் வெளிப்பட்டது. வழக்கின் பதிவேட்டிலும் அதே எண்! அதன்பின் 2017இல் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது. ஊர் மறந்ததை இரும்பு மறக்கவில்லை.

எண் பொருந்தியதால் உண்மை வெளிவந்த கதை இது. எண் பொருந்தாமையே உண்மைக்குச் சாட்சியான கதையும் ஒன்று உண்டு. அதற்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டும்.

அமெரிக்கப் படை 1873இல் கோல்ட் நிறுவனத்தின் 45 காலிபர் ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. குதிரைப்படைக்கென அதன் குழல் 7½ அங்குல நீளமாயிருந்தது. 1892இல் அதனை விடுத்து, சிறிய குண்டுடைய 38 காலிபர் ரிவால்வருக்கு மாறினர். களஞ்சியத்தில் தேங்கிய பழையவற்றை 1895 முதல் 1903 வரை செப்பனிட்டு, குழலை 5½ அங்குலமாகக் குறைத்தனர். பீரங்கிப் படைக்கு முதலில் வழங்கப்பட்டதால் ‘ஆர்ட்டிலரி’ என்னும் பெயர் அவற்றுக்கு ஏற்பட்டது. பெருந்தொகையாகக் கழற்றி மீண்டும் பூட்டிய அவ்வேலையில் எண்களைப் பார்த்து இணை சேர்க்கப் பெரும்பாலும் எவரும் நிற்கவில்லை. ஒன்றின் உருளை மற்றொன்றின் உடலிலும், பிறிதொன்றின் குழல் வேறொன்றிலும் ஏறின. ஆகவே அவ்வகைத் துப்பாக்கியில் எண்கள் கலந்திருப்பதே இயல்பு.

அவை சென்ற களங்களுள் ஒன்று நம் உள்ளத்தைத் தொடுவது. 1898இல் ஸ்பெயினை வென்ற அமெரிக்கா பிலிப்பைன்ஸ் தீவுகளைக் கைக்கொண்டது. தென் தீவுகளான மிந்தனாவோவிலும் சூலுவிலும் வாழ்ந்த முஸ்லிம்களை ஸ்பானியர் ‘மோரோக்கள்’ என அழைத்தனர். தம் மண்ணை விட்டுக்கொடுக்க மறுத்துக் கத்தியும் ஈட்டியும் ஏந்திப் பாய்ந்த அம்மக்களை 38 காலிபர் குண்டு தடுத்து நிறுத்தவில்லை என்று சிப்பாய்கள் முறையிட்டனர். ஒதுக்கப்பட்ட பழைய 45 காலிபர் மீண்டும் கைக்கு வந்தது. 1904இல் குண்டுகளின் ஆற்றலைச் சோதித்தார்கள். 1911இல் 45 காலிபர் கொண்ட புதிய கைத்துப்பாக்கியை ஏற்றார்கள். இடையே 1906 மார்ச்சில் சூலுவின் பூத் தாஹோ மலையில் பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆயுத நூல்கள் பலவற்றில் அம்மக்கள் ‘வெறி கொண்டோர்’ என்ற ஒரு சொல்லாக மட்டுமே எஞ்சியிருக்கின்றனர்.

இன்றைய சந்தையைப் பாருங்கள். எண்கள் ஒன்றாயிருந்தால் விலை மிகுதி என்பதால், சில வணிகர் பழைய எண்ணை அராவி அழித்துப் புதிய எண்ணைப் பொறிக்கின்றனர். தொடக்கத்தில் மாற்றப்பட்ட சில துப்பாக்கிகளில் எண்கள் பொருந்தியே இருந்தன என்பது மெய்தான். ஆயினும் முற்றும் பொருந்திய ‘ஆர்ட்டிலரி’ கண்டால் அறிந்தோர் இருமுறை நோக்குவர். எண்ணை அழிக்கும் கை, களஞ்சியத்தின் அவசரத்தையும் படையின் தேவையையும் சேர்த்தே அழிக்கிறது; எதிர்நின்ற தீவு மக்களின் சுவடும் அதனோடு தேய்கிறது. நம் நாட்டின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் எண்ணை அழிப்பதையும் திரிப்பதையும் குற்றமெனத் தடுக்கிறது. எண் அழிந்த துப்பாக்கியை வைத்திருப்பவரே அதனை அழித்தார் என்று, மறுப்புச் சான்று வரும்வரை, அது கொள்கிறது.

இந்த நுட்பத்தை நம் முன்னோர் வேறொரு துறையில் நன்கறிந்திருந்தனர். ஒரு செய்தியின் வாசகம் மத்ன். அதனை அறிவித்தோரின் தொடர் இஸ்னாத். ஒன்றின் தொடரை மற்றொன்றின் வாசகத்தோடு பிணைத்துவிட்டால் அதனை ‘மக்லூப்’ என்பர். ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) பக்தாத் வந்தபோது, அறிஞர்கள் நூறு ஹதீஸ்களின் தொடர்களை வேண்டுமென்றே இடம் மாற்றி, பத்துப் பேரைக் கொண்டு அவரைச் சோதித்தனர் என்பது வரலாறு. ஒவ்வொன்றுக்கும் ‘இதனை நான் அறியேன்’ என்றார் இமாம். பின்னர் யாவற்றையும் வரிசையாக எடுத்து, அதனதன் தொடரை அதனதன் வாசகத்தோடு சேர்த்தார். மாறிக் கிடப்பதைக் கண்டு அவர் வெகுண்டு எறியவில்லை. எது எங்கிருந்து பெயர்ந்தது என்று கண்டார். மாற்றத்தை மறைப்பது வேறு. மாற்றத்தை அறிந்து குறிப்பது வேறு.

நம் இல்லங்களிலும் எண் பொருந்தாத பொருள்கள் உள்ளன. இரு பிரதிகளின் ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய அரபுத்தமிழ்க் கிதாபு இருக்கலாம்; பாட்டனார் ஒரு பெயரும் பத்திரம் வேறு பெயரும் கூறும் குடும்ப ஆவணம் இருக்கலாம். அவற்றைச் சுரண்டித் திருத்தி ஒழுங்காக்க முற்படாதீர்கள். இருப்பதை இருக்கும்படியே விட்டு, எது எங்கிருந்து வந்தது என்று அருகில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழுது பார்த்த பொருள் பொய்யாகிவிடாது. பழுதே பார்க்கவில்லை என்று சாதிப்பதே பொய். நமக்குப்பின் வருவோர் உண்மையைக் கண்டறிய நாம் விட்டுச்செல்லும் பொருந்தாத எண்ணும் உதவும்.