வெண்குறுமீன் வெடிப்பின் தோற்றுவாய்: ஒரு வரலாற்று நோக்கு

1572ஆம் ஆண்டு நவம்பரில் கசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் புதிய ஒளியொன்று தோன்றி, வெள்ளிக் கிரகத்துக்கு நிகராகப் பிரகாசித்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ரைக்கோ பிராகே அதனைத் தொடர்ந்து அவதானித்து, அது சந்திரனுக்கு அப்பாற்பட்டதென நிறுவினார். விண்ணுலகம் மாற்றமற்றது என்னும் அரிஸ்டோட்டிலியக் கருத்து, நிலமானிய சமுதாயத்தின் படிநிலை ஒழுங்குக்கும் அரணாக நின்றதொன்று. அவ்வரணில் விழுந்த பிளவுகளுள் இதுவும் ஒன்றாகும். அவ்வொளி வெண்குறுமீனொன்றின் வெடிப்பே என்பது, அதன் ஒளியெதிரொலி ஆராயப்பட்ட 2008இல் உறுதியாயிற்று.

எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எச்சமே வெண்குறுமீன். பெரும்பாலும் காபனும் ஒட்சிசனும் செறிந்த அது, தனித்திருப்பின் மெல்லக் குளிர்ந்துபோகும். எனவே, எத்தகைய விண்மீன் தொகுதியில் அது வெடிக்கின்றது என்ற வினா எழுகின்றது.

வெண்குறுமீனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டென்பதை, தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல், இங்கிலாந்து நோக்கிய கப்பற் பயணத்தின்போது, தமது 19ஆம் வயதிற் கணித்தார். அவ்வெல்லை சூரியத் திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்காகும். 1935 சனவரியில் இலண்டனில் எடிங்டன் அக்கோட்பாட்டைப் பகிரங்கமாக எள்ளி நகையாடினார். குடியேற்ற நாடொன்றின் இளைஞரது கணிதத்தைவிட, ஏகாதிபத்தியத் தலைநகரின் அறிவதிகாரம் அன்று வலிதாயிருந்தது. நோபல் பரிசு அவருக்குக் கிட்டியது 1983இலேயே.

1973இல் வீலனும் ஐபனும், செவ்வரக்கத் துணை விண்மீனிடமிருந்து வாயுவைப் பெற்று வெண்குறுமீன் அவ்வெல்லையை நெருங்கி வெடிக்கின்றது என்றனர். 1984இல் அமெரிக்கரான ஐபனும் சோவியத் அறிஞர் துதுக்கோவும் ஒருபுறமாகவும், வெபிங்க் மறுபுறமாகவும், இரு வெண்குறுமீன்கள் சுழன்று நெருங்கி இணைவதே காரணமாகலாம் எனக் காட்டினர்.

இவ்வினா தீராத நிலையிலேயே, 1998இல் இரு ஆய்வுக் குழுக்கள் இவ்வெடிப்புக்களை அளவுகோலாகக் கொண்டு பிரபஞ்ச விரிவு விரைவடைவதைக் கண்டன. அளவுகோலின் பிறப்பை அறியாதுவிடின், அளவீட்டின் நுண்மையும் ஐயத்துக்குரியதாகின்றது.

2011இல் எம் 101 விண்மீன் மண்டலத்தில் வெடிப்பொன்று நிகழ்ந்தது. அவ்விடத்தின் பழைய ஹபிள் படங்களிற் செவ்வரக்கன் எதுவும் காணப்படவில்லை. 2012இல், பெரிய மகெல்லன் முகிலிலுள்ள 0509 என்னும் வெடிப்பெச்சத்தின் நடுவிலும் எஞ்சிய துணை விண்மீன் தென்படவில்லை. அதே எச்சத்தில் இரட்டைக் கல்சிய ஓடுகள் இருப்பது 2025இல் வெளியாயிற்று. மேற்பரப்பின் ஈலியம் முதலில் வெடித்து, அதன் அதிர்ச்சி உள்ளகத்தையும் வெடிக்கச் செய்தமைக்கு இது சான்றாகும். இவ்வழியில், சந்திரசேகர் எல்லையை எட்டுமுன்னரே வெண்குறுமீன் வெடிக்கக்கூடும்.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாதலுக்குச் சந்திரசேகர் எல்லையை உதாரணமாகக் காட்டும் ஆசை எமக்கும் உண்டு. ஆயினும், வெடிப்புக்கு வழி ஒன்றல்ல என்பதே இன்றைய சான்றுகள் உணர்த்துவது. இயக்கவியல் விதிகளை இயற்கைமீது சுமத்தலாகாது, இயற்கையிலிருந்தே கண்டறிதல் வேண்டும் என்று எங்கெல்ஸ் வலியுறுத்தியதை நாம் இங்கு நினைவுகூர வேண்டியவர்களாகின்றோம்.