பிரேசிலின் கல்லீரல் துண்டுகள்

1928இல் ரியோ டி ஜெனிரோவில் மஞ்சள் காய்ச்சல் மீண்டும் வெடித்தபோது பிரேசில் மருத்துவர்கள் திகைத்துப்போனார்கள். மருத்துவர் ஒஸ்வால்டோ குருஸ் கொசு ஒழிப்பால் அந்த நகரை மீட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைப்பட்ட காலத்தில் நோய் எங்கே இருந்தது? நோயாளிகளைப் பார்த்து இதற்கு விடை காண்பது கடினம். லேசான மஞ்சள் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலாகவே வந்துபோகும். கடுமையானதை மலேரியா என்றோ காமாலை என்றோ எழுதிவிடலாம். இறந்தவரின் கல்லீரலில் அந்தக் குழப்பம் குறைவு. இந்த வைரஸ் கல்லீரல் நுண்மடல்களின் இடைப்பகுதியையே அதிகம் அழிக்கிறது. நடுச்சிரையை ஒட்டிய செல்களும் விளிம்புச் செல்களும் ஓரளவு தப்பிவிடுகின்றன. 1912இல் பிரேசில் மருத்துவர் ரோச்சா லீமா விவரித்த இந்த அடையாளத்தின் மேல்தான், 1930 முதல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பிரெட் சோப்பர் ஒரு நாடளாவிய ஏற்பாட்டைக் கட்டினார். காய்ச்சல் கண்டு சில நாள்களில் இறந்தவரின் விலா எலும்புக்குக் கீழே ஒரு கருவியைச் செலுத்தி, கல்லீரல் துண்டை வெட்டியெடுத்து, ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முழுப் பிரேதப் பரிசோதனைக்கு மருத்துவர் வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற ஊர்க்காரர் ஒருவர் போதும். துண்டுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலியும் உண்டு.

ஒற்றைத் துண்டு ஏமாற்றாதா என்று கேட்கலாம். ஏமாற்றும். வேறு நோய்களும், இறந்தபின் ஏற்படும் அழுகலும் பார்வையைக் குழப்பக்கூடியவை. ஆனால் லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தபோது கிடைத்தது நோயின் வரைபடம். பிழைத்தவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளும் அதற்குத் துணை நின்றன. 1932இல் எஸ்பிரிட்டு சாண்டோ மாநிலத்தின் கனான் பள்ளத்தாக்கில், நகரங்களில் இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசுவே இல்லாத கிராமப்புறத்தில், மஞ்சள் காய்ச்சல் உறுதியானது. பின்னர் காட்டுக் குரங்குகளும் காட்டுக் கொசுக்களும் அதைத் தாங்கிவருவது தெரிந்தது. நகரக் கொசுவை ஒழித்தால் நோய் ஒழியும் என்ற நம்பிக்கை அத்தோடு தகர்ந்தது. 1937இல் வந்த 17டி தடுப்பூசியின் அவசியமும் விளங்கியது.

இந்த அறிவுக்கான விலையை ஏழைக் குடும்பங்கள் கொடுத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பிணத்தைத் தொடவிடாமல் உறவினர்கள் எதிர்த்தார்கள். துண்டெடுக்கப் போனவர்கள் தாக்கப்பட்டார்கள், கொலைகளும் நடந்தன. அரசு சட்டத்தின் பலத்தோடு பணியைத் தொடர்ந்தது. கட்டாயம் இல்லாவிட்டால் உண்மை வெளிவந்திருக்காது என்பது சோப்பர் தரப்பின் வாதம். அதில் பாதிதான் நியாயம். துண்டு தேவைப்பட்டது உண்மை. அது எதற்கென்று துக்க வீட்டில் விளக்கி, இசைவு கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பின் பெருமையில் சோப்பருக்கு உள்ள பங்கு, பெயர் பதிவாகாத அந்தக் குடும்பங்களுக்கும் உண்டு.