பங்குனிப் பாசறையும் ஒரு பழைய கணக்கும்

விடுதி மெஸ், நாடகவிழா, கிரிக்கெட் கோப்பை என்று நம் மலர்களில் எழுதாத விஷயமில்லை. திரிசாரணர் குழுவைப் பற்றி மட்டும் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. "அது என்னப்பா திரிசாரணர்?" என்று பின்னால் வந்த செட்டுக்காரர்கள் கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகளில் சிறுசுகள் குருளையர், பெரியவர்கள் சாரணர், கல்லூரி வயதுக்கு வந்தவர்கள் திரிசாரணர். இங்கிலீஷில் ரோவர். காக்கி உடை, கழுத்தில் ஸ்கார்ஃப், இடது கையால் கைகுலுக்கல். வகுப்பில் எங்களைக் கிண்டல் பண்ண இந்த மூன்றுமே போதுமானதாக இருந்தது.

பேடன் பவல் தம் முதல் பாசறையை 1907 ஆகஸ்ட் முதல் வாரத்தில், பிரவுன்ஸீ தீவில் 20 பையன்களை வைத்து நடத்தினார். அந்த ஊருக்கு ஆகஸ்ட் சரி. நமக்கு ஆகஸ்டில் வானத்தை நம்ப முடியாது. மார்கழியில் ஓசூர்ப் பக்கம் கூடாரத்தில் படுத்தால் விடிவதற்குள் பல் தந்தியடிக்கும். ஆகவே மாசி பங்குனிதான் எங்கள் காலம். கேழ்வரகு அறுப்பு, கதிரடிப்பு எல்லாம் முடிந்து காடு கழனி காலியாக இருக்கும். புளி உலுக்கிக்கொண்டிருப்பார்கள். மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு விட்டிருக்கும். கிருஷ்ணகிரி அணைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து மூன்று இரவு. களி கிண்டத் தெரிந்தவன்தான் அணியில் ராஜா. பாசறைத் தீயைச் சுற்றி உட்கார்ந்தால் ஒருவன் தமிழில் பாடுவான், அடுத்தவன் தெலுங்கில், தளிப் பக்கத்துப் பையன் கன்னடத்தில். அதை ஒரு பெருமையாக அப்போது நாங்கள் நினைக்கவே இல்லை. வீட்டிலும் தெருவிலும் அப்படித்தானே இருந்தது.

பாசறைக்கு நான் போனது 1970-களின் கடைசியில். வேலையில் சேர்ந்த பிறகுதான் இந்த இயக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது.

இந்தியாவின் முதல் சாரணர் படை 1909-ல் தொடங்கியது, நமக்குப் பக்கத்து ஊரான பெங்களூரில். தொடங்கியவர் கேப்டன் டி.எச். பேக்கர், இடம் பிஷப் காட்டன் பள்ளி. ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். காலையில் புறப்பட்ட மாட்டு வண்டி ராத்திரிக்குள் போய்ச் சேரும் தூரம். ஆனால் ஓசூர்ப் பையன் போயிருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைக்கும் அங்கே இடமில்லை. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சாரணம். காட்டில் வழி கண்டுபிடிக்கவும், சங்கேதச் செய்தி அனுப்பவும், கட்டுப்பாடாக அணி சேரவும் இந்தியப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் நாளைக்குப் புரட்சிக்காரர்களாகி நிற்பார்களே என்ற பயம் அரசாங்கத்துக்கு.

கதவு திறக்காது என்று தெரிந்ததும் நம்மவர்கள் தனி வீடு கட்டிக்கொண்டார்கள். ஸ்ரீராம் பாஜ்பாய் 1913-ல் ஷாஜகான்பூரில் ஒரு படை தொடங்கினார். 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தியச் சாரணர் சங்கத்தை ஏற்படுத்தினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, இங்கிலீஷ் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. அடுத்த வருஷமே ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக அம்மையாரையும் அருண்டேலையும் ஊட்டியில் காவலில் வைத்துவிட்டது சர்க்கார். ஆக, நாற்பது கிலோமீட்டரில் இருந்த சாரணம் நம் மாகாணத்துப் பிள்ளைகளுக்கு ஏழு வருஷம் கழித்து, அதுவும் சென்னையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது!

1918-ல் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, பாஜ்பாய் மூவரும் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சமிதி திருவிழாக் கூட்டத்தில் பிறந்தது. கும்பமேளாவுக்கும் மாக மேளாவுக்கும் வருகிற ஜனங்களுக்கு வழிகாட்டுவது, காணாமல்போன குழந்தையைத் தாயிடம் சேர்ப்பது, மயங்கி விழுந்தவரைத் தூக்கிப்போவது. பிரவுன்ஸீ தீவில் விளையாட்டும் பாசறையும் முதலில், சேவை பிறகு. இங்கே சேவை முதலில் வந்தது. கூடாரம் அதன் பின்னால் வந்தது. நம் நாட்டுச் சாரணத்துக்குத் தனி முகம் கிடைத்தது இதனால்தான் என்பது என் கட்சி.

1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனியாகவே நின்றது. 1937-ல் மறுபடி வந்துபோன பிறகு இந்தியர் குணத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் இங்கே பலரைப் புண்படுத்தின. அதன் விளைவாக 1938-ல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ல் இவையெல்லாம் ஒன்றுகூடி பாரத சாரணர் இயக்கமாயின. 1951 ஆகஸ்ட் 15-ல் சாரணியரும் சேர்ந்தார்கள். முதல் தேசிய ஆணையர் அதே குன்ஸ்ரு.

இனி ஓசூர்த் தேருக்கு வருகிறேன். சந்திரசூடேஸ்வரர் தேர்த்திருவிழா எங்கள் பாசறையை ஒட்டி வரும். பாசறை கலைந்த கையோடு அணியணியாக பஸ் ஏறி ஓசூர் போய்விடுவோம். தேர்ப்பேட்டையில் கர்நாடகத்துக் கூட்டம், ஆந்திரக் கூட்டம், நம் கூட்டம் எல்லாம் கலந்து நிற்கும். ஒருவர் 'தண்ணி' என்பார், ஒருவர் 'நீரு' என்பார், ஒருவர் 'நீள்ளு' என்பார். மூன்றுக்கும் ஒரே செம்பு. சவுக்குக் கம்பு நட்டு, குளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட்டுக் கயிறு கட்டி, தேர்ச் சக்கரத்துப் பக்கம் பிள்ளைகள் வராமல் தடுப்பது ஒரு அணியின் வேலை. இன்னொரு அணி முதலுதவிக்கு. கழுத்து ஸ்கார்ஃபை அழகுக்காகக் கட்டுவதாக நினைக்கிறார்கள். கை எலும்பு முறிந்தால் அதை அவிழ்த்துத் தூளி கட்டலாம். அதற்குத்தான் அந்த முக்கோண வடிவம். தொலைந்த குழந்தைக்கு அப்பா பேர் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. எந்த மொழியில் அழுகிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மும்மொழிப் பாசறையால் வந்த லாபம் அங்கே தெரிந்தது.

அப்போது எங்களுக்கு அலகாபாத்தும் தெரியாது, மாளவியாவும் தெரியாது. பெங்களூரை ஒட்டி வாழ்ந்தும், நாங்கள் செய்துகொண்டிருந்தது பேக்கர் கொண்டுவந்ததைவிட சேவா சமிதியின் காரியத்தைத்தான்.

பிறகு குழு இளைத்துப்போனது. 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பரவியதும், சேவை செய்ய நினைக்கிற பையன் அதில் சேர்ந்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். கிராமங்களில் அவர்கள் நிறையச் செய்தார்கள். 1980-களில் ஓசூர் சிப்காட்டில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று சங்கு ஊத ஆரம்பித்ததும், நம் ஆட்கள் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். பங்குனியில் மூன்று நாள் லீவு யார் தருவார்கள்? அப்படியும் இரண்டு மூன்று பேர் வார ஓய்வு நாளை மாற்றி வாங்கிக்கொண்டு தேரன்றைக்கு மட்டும் வந்து கயிறு பிடித்தார்கள். தென்பெண்ணை ஆற்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் குளித்து, அரிசி களைந்து, சோறாக்கிய ஆறு. கெலவரப்பள்ளி அணையில் அது வெள்ளை நுரையாகப் பொங்குவதை இப்போது செய்தியில் பார்க்கிறோம்.

திரிசாரணர் குழுவை மறுபடி தொடங்கலாம், கூடாரம் வாங்க சங்கம் பணம் தரும் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. கூடாரத்துக்கு முன்னால் கயிறும் முதலுதவிப் பெட்டியும் வாங்கித் தாருங்கள் என்பது என் விண்ணப்பம். தேருக்குப் போக அது போதும். இன்னொன்று: ஒவ்வொரு பாசறைக்கும் நாங்கள் ஒரு பதிவேடு எழுதினோம், யார் யார் வந்தார்கள், என்ன சமைத்தோம், எத்தனை குழந்தைகளைத் தாயிடம் சேர்த்தோம் என்று எல்லாம் அதில் உண்டு. நீல நிற அட்டை போட்ட நீள நோட்டு. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.