கணக்கு டியூஷனும் கொல்லிமலைப் பூசாரியும்

"சொந்த ஊர் வேலூருங்க" என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி ரெடியாக வரும். "சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கமா?" அது வேற வேலூர் சார், கோட்டை இருக்கிற வேலூர். நம்முளுது பரமத்தி வேலூர். காவிரிக்கரை, வெத்தலைக் கொடிக்கால், வாழைத்தோப்பு, வெல்லம் காய்ச்சுற வாசனை... இதை விளக்கி விளக்கியே எனக்குப் பாதி ஆயுசு போச்சு :-)

ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்கும் எங்க நாமக்கல் சீமைக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து மறுபடி அசைய வைத்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் சி.எம்.சி.க்கு வந்தார். உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அவர் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, நம்ம கொல்லிமலையில், 1914-ல். வேலூரில் பஸ் ஏறி நாமக்கல், அங்கிருந்து சேந்தமங்கலம், அப்புறம் மலை. அவ்வளவுதான் தூரம்.

இன்றைக்கு எழுதப் போவது அவரைப் பற்றி அல்ல, அவருடைய அப்பா அம்மாவைப் பற்றி. அதற்கு முன்னால் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் வெட்கமான கதை.

கல்லூரி படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் சபை வாலிபர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் ஆரம்பித்தோம். நான் கணக்கு. முக்கால் மணி நேரம் பாடம், கடைசிப் பத்து நிமிஷம் ஒரு பைபிள் கதை, ஒரு பாட்டு, ஜெபம். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றிப் பெற்றவர்களிடம் நாங்கள் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, ஒரு அம்மா வந்து வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை.

"ஏந்தம்பி, கணக்குச் சொல்லிக் குடுக்கறதாத்தானே சொன்னீங்க? இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அனுப்பலாமா வேண்டாமான்னு நாங்களே ரோசனை பண்ணியிருப்பமல்ல?"

பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களில் ஒருவர், "நல்ல விஷயத்துக்குத்தானே பண்றோம்" என்றார். எனக்கும் அந்த நேரத்தில் அது சரியான பதிலாகத்தான் பட்டது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அந்த அம்மா இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. எங்களைப் பற்றித்தான் சொன்னார்.

அப்போதிருந்து மிஷனரி வரலாறு எதைப் படித்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். எத்தனை பேரைச் சேர்த்தார் என்பதல்ல. வந்த காரியத்தை முகத்துக்கு நேரே சொன்னாரா? இந்தக் கேள்வியோடு பார்த்தால் சேந்தமங்கலம் ஒரு சுவாரசியமான ஊர். முந்நூறு வருஷ இடைவெளியில் இரண்டு பேர் அந்த வழியாக வந்திருக்கிறார்கள்.

முதல் ஆள் ராபர்ட் தெ நோபிலி. தத்துவ போதகர் என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்ட இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவி. 1605-ல் கோவாவில் இறங்கி, 1606-ல் மதுரைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சாமியார் பத்து வருஷத்துக்கும் மேலாக இருந்தார். உள்ளூர்க்காரர்கள் யாரும் அவர் பக்கம் போகவில்லை. காரணம் சிரிப்பாக இருக்கும். மதத்தில் சேர விரும்புகிறாயா என்று கேட்பதற்கு அவர் பயன்படுத்திய வார்த்தை, "பரங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா?". பரங்கி என்றால் அன்றைக்கு மதுரையில் மாட்டுக்கறி தின்று, குடித்து, குளிக்காமல் திரிகிற போர்த்துகீசியன் என்று அர்த்தம். எவன் வருவான்?

நோபிலி பார்த்தார். காவி உடுத்தினார், மரக்கறிக்கு மாறினார், பெர்னாண்டஸை விட்டு விலகித் தனி இடத்தில் தங்கினார். தமிழோடு சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். "இவனும் பரங்கிதான்" என்று பேச்சுக் கிளம்பியபோது ஓலையில் ஓர் அறிவிப்பு எழுதித் தன் வீட்டில் மாட்டினார். நான் பரங்கி இல்லை, ரோமாபுரியில் உயர்ந்த குடியில் பிறந்தவன், சந்நியாசி என்பது அதன் சாரம். அதே ஓலையில் இன்னொன்றும் சொன்னார். நான் போதிக்கும் வேதம் பரங்கிகளுக்கோ தாழ்ந்த குலத்தாருக்கோ மட்டுமான வேதம் என்று சொல்வது பாவம், அது எல்லாருக்கும் பொது என்று.

இது ஏமாற்றா இல்லையா? அவருடைய சொந்த சபைக்குள்ளேயே வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. 1619-ல் கோவாவில் விசாரணை. கடைசியில் 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி, பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரும்பாலும் நோபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

அதே 1623-ல் நோபிலி மதுரையை விட்டுக் கிளம்பி, திருச்சி வழியாக வந்து சேர்ந்த இடம்தான் சேந்தமங்கலம். அப்போது அங்கே பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர். (நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் என்று சொல்லப்படுவதும் ஓர் இராமச்சந்திர நாயக்கர்தான்.) நாயக்கர் மரியாதையாக வரவேற்றார். நோபிலி அங்கிருந்து சேலம் போனார். ஆட்சியை இழந்து சேலத்தில் இருந்த திருமங்கல நாயக்கர் சில வருஷங்களில் ஞானஸ்நானம் பெற்றார்.

என் கணக்கில் நோபிலி பொய் சொன்னவர் இல்லை. உயர்குடியில் பிறந்தவர்தான், ரோமைச் சேர்ந்தவர்தான். தன் கொள்கையை மறைக்கவும் இல்லை, மேதைகளோடு உட்கார்ந்து வாதாடினார், தமிழில் புத்தகம் புத்தகமாக எழுதினார். ஆனாலும் ஒரு நெருடல் இருக்கிறது. பெர்னாண்டஸும் அவரும் ஒரே சபை, ஒரே கடவுள். ஆனால் பார்க்கிறவனுக்கு இரண்டும் வேறு வேறு போலத் தெரிய வேண்டியிருந்தது. 1640 வாக்கில் உயர்சாதியாருக்குப் பிராமண சந்நியாசி சாமிகள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருமாரிலேயே இரண்டு வகை வந்தது. எல்லாருக்கும் பொது என்று ஓலையில் எழுதியவரின் வழி, தனித்தனிப் பந்தியில் கொண்டுபோய் விட்டது. சாதி நம்ம தேவாலயங்களை விட்டு இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஆள் ஜெஸ்ஸி பிராண்ட். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்கிற சின்னச் சபையின் ஊழியர். சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு எதிரே தெரிகிற மலையையே பார்த்துக்கொண்டிருந்தவர். லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து, ஓவியம் படித்த ஈவ்லின் ஹாரிஸை 1913-ல் திருமணம் செய்துகொண்டு மலை ஏறினார். இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவில் பஸ் போகிறது, அதிலேயே நமக்குக் குமட்டுகிறது. அன்றைக்கு ரோடே கிடையாது. கொட்டுகிற மழையில் கல்யாணப் பெண் மலை ஏறினார். கூலியாட்கள் மரச்சட்டங்களைத் தலைச்சுமையாக மேலே கொண்டு வந்து சேர்க்க, ஜெஸ்ஸி அதை வைத்து வீடு கட்டினார். கறையான் ஏறாமல் இருக்கக் கால்களின் மேல் கவிழ்த்த வாணலி மாதிரித் தகடுகள்.

மலையில் இருக்கிற ஜனங்கள் மலையாளிகள். (கேரளா இல்லை சாமி, மலையை ஆளுகிறவர்கள் என்ற அர்த்தத்தில் பழங்குடியினர்.) மலேரியாவும் நரம்புச் சிலந்தியும் ஆட்சி செய்த காலம். நரம்புச் சிலந்தி என்றால் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. குடிக்கிற தண்ணீர் வழியாக உடம்புக்குள் போய், காலில் கொப்புளம் கட்டி, நூல் மாதிரி நீளமாக வெளியே வருகிற புழு. இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி ஒரு குச்சியில் அதைச் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பாராம். இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஜனங்கள் காலோடு இறங்கித் தண்ணீர் எடுக்கிற கிணறு. அதனால் கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஒரே வருஷம் படித்த வைத்தியம்தான் கையிருப்பு. பல் பிடுங்கினார், தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார், பட்டுப்புழு வளர்க்கப் பழக்கினார், பள்ளிக்கூடம் நடத்தினார்.

இதோடு பிரசங்கமும் செய்தார். ஒளித்து மறைத்து அல்ல. நான் இயேசுவைப் பற்றிச் சொல்ல வந்தவன் என்பது அவர் ஏறின நாளிலிருந்து மலைக்கே தெரியும். தெரிந்ததால்தான் பூசாரி எதிர்த்தார். இவர்கள் பேச்சைக் கேட்டால் சாமி குற்றம் வரும் என்று எச்சரித்தார். நியாயம்தானே? அவர் நம்பிக்கையை அவர் காப்பாற்றினார். விளைவு, சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒருவர்கூடச் சேரவில்லை. மருந்து வாங்க வந்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் நின்று யோசிக்கிற இடம் இதுதான். மருந்து தூண்டில் என்றால், மீன் சிக்காத தூண்டிலை எவனும் ஐந்து வருஷம் தண்ணீரில் போட்டு வைத்திருக்க மாட்டான். ஒருவரும் சேராதபோதும் குச்சியில் புழு சுற்றுகிற வேலை நிற்கவில்லை. உள்நோக்கம் என்ன என்று ஒருவன் மனசைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் கேட்டது கிடைக்காதபோது என்ன செய்கிறான் என்று பார்க்கலாம்.

1918-19-ல் உலகத்தையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா கொல்லிமலைக்கும் வந்தது. வீடு வீடாகச் சாவு. பயந்த ஜனங்கள் சொந்தக்காரர்களையே விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள். பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய், எழுந்திருக்க முடியாதவர்களுக்கு வாயில் ஊற்றினார்கள். விழுந்தவர்களில் அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் உண்டு. அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தது இவர்கள் மட்டும்தான். பூசாரி சாகிற நேரத்தில் செய்த காரியம், தன் பிள்ளைகளைப் பிராண்ட் குடும்பத்திடம் ஒப்படைத்தது. அதில் ஒன்று கைக்குழந்தை. மலையில் சபை என்று ஒன்று உருவானது அதற்குப் பிறகுதான்.

பூசாரிக்கு இவர்கள் யார், எதற்கு வந்தார்கள், பிள்ளைகளை எப்படி வளர்ப்பார்கள் என்பது எல்லாமே தெரியும். மறைத்து வைத்து ஏமாற்றுகிறவன் கையில் யாரும் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். எனக்கோ ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். வித்தியாசம் புரிகிறதா?

ஜெஸ்ஸி 1929-ல் மலேரியா முற்றி வருகிற கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் பால் அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையன். தந்தி முதலில் வந்தது. கப்பலில் வந்த அப்பாவின் கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

ஈவ்லின் திரும்பி வந்தார். எழுபதை நெருங்குகிற வயதில், இனிமேல் போதும், ஓய்வு எடுங்கள் என்றது மிஷன். இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடுங்கள், அப்புறம் ஓய்வு பெற்றுவிடுகிறேன் என்று கெஞ்சி வாங்கினார். வருஷம் முடிந்தது, சொன்னபடி ஓய்வும் பெற்றார். பெற்றதும் கல்ராயன் மலையில் ஒரு குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார்! மிஷனிலிருந்து விலகுகிறேன் என்றாரே தவிர, இங்கிலாந்துக்குப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஒளிவுமறைவு இல்லாதவர்கள் என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் பழைய டியூஷன்காரனேதான். ஆனால் பாட்டி இந்தச் சாமர்த்தியத்தைக் காட்டியது தன் மேலதிகாரிகளிடம்தான், மலை ஜனங்களிடம் அல்ல. மட்டக்குதிரையில் மலை மலையாகச் சுற்றினார். விழுந்து எலும்பு முறிந்தது. மகன் வந்து கூப்பிட்டும் இறங்கவில்லை. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம்.

நம் அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம், எடுத்துச் சொல்லலாம், அடுத்தவரை மாற்றும் உரிமை என்று ஒன்று கிடையாது என்றது. 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு பக்கமும் நிறையப் பேசியாகிவிட்டது. எந்தச் சட்டத்தையும் பார்க்காமல் ஒரு கிராமத்து அம்மா கேட்டது அதைவிட எளிமையான கேள்வி. ஏன் முன்னாடியே சொல்லல?

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றி, ஊருக்குப் போனபோது அவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள்.

பி.கு.: போன வருஷம் எங்கள் தெருவில் ஒருத்தர் பையனுக்குக் கணக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டேன். "நான் கிறிஸ்தவனுங்க. சாமி விஷயம் அவனா கேட்டா என் நம்பிக்கையைச் சொல்லுவேன், உங்க முன்னாடியே சொல்லுவேன். மத்தபடி கணக்கு மட்டும்தான்."

"அது ஊருக்கே தெரியுமேங்க" என்றார் அவர். "அவன் எட்டாம் வாய்ப்பாட்டுலயே தடுமாறறானுங்க. மொதல்ல அதைப் பாருங்க."