தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு என்பது தமிழ்நாட்டின் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் பாசனக் குளங்களில் தங்கும் வாத்துகளையும் பிற நீர்ப்பறவைகளையும் ஆண்டுதோறும் எண்ணிப் பதிவு செய்யும் பணி ஆகும். இது 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஏட்ரீ நிறுவனத்தின் மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், இயற்கை ஆர்வலர் அமைப்புகளுடன் இணைந்து இதனை நடத்தி வருகிறது. மாணவர்களும் தன்னார்வலர்களும் குழுக்களாகப் பிரிந்து சனவரி மாதத்தில் குளங்களுக்குச் செல்கின்றனர். 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் இதே மாதத்திலேயே நடைபெறுகிறது.

குளங்களும் நீர்வரத்தும்

தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் ஆகிய எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. சமவெளிக் குளங்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிரம்புகின்றன. வலசை வாத்துகள் வந்து சேர்வதும் இக்காலத்தில்தான். இவற்றுள் பெரும்பாலான குளங்கள் சரணாலயங்கள் அல்ல. வேளாண்மைக்காக வெட்டப்பட்டு, இன்றும் அதற்கே பயன்படுபவை.

காணப்படும் வாத்துகள்

புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, குள்ளத்தாரா ஆகியவை உள்நாட்டு இனங்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நாமத்தலை வாத்து ஆகியவை ஐரோப்பா, வட ஆசியப் பகுதிகளிலிருந்து வருபவை. மங்கோலியா, திபெத் ஆகிய இடங்களின் உயர்நில ஏரிகளில் இனப்பெருக்கம் செய்யும் வரித்தலை வாத்து, 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறக்கக்கூடியது. இமயமலையைக் கடந்து தென்கோடியில் உள்ள கூந்தன்குளம் வரை இது வருகிறது.

இனங்காணல்

இலையுதிர் காலத்தில் வந்திறங்கும் ஆண் வாத்துகள் பல, இனப்பெருக்க காலத்து வண்ண இறகுகளை உதிர்த்துப் பெண் வாத்துகளைப் போன்றே பழுப்பு நிறத்துடன் இருக்கும். எனவே அக்டோபர், நவம்பர் மாதங்களில் நிறத்தை மட்டும் கொண்டு இனம் பிரிப்பது கடினம். அலகும் உடலமைப்புமே உதவும். தட்டைவாயனின் அலகு கரண்டி போல் நுனியில் அகன்றிருக்கும். ஊசிவால் வாத்தின் கழுத்து நீண்டு மெலிந்திருக்கும். நீலச்சிறகியின் முகத்தில் கண்ணை ஒட்டிக் கரும்பட்டையும் வெளிர்பட்டையும் தெரியும். வரித்தலை வாத்தின் வெண்ணிறத் தலையில் இரண்டு கருநிறப் பட்டைகள் உண்டு.

பெருங்கூட்டத்தில் ஒன்றிரண்டாகக் கலந்திருக்கும் அரிய இனத்தைக் கண்டறிய, காலை வேளையில் கதிரவனை முதுகுப்புறம் கொண்டு, கரையில் நின்றபடி தொலைநோக்கியால் கூட்டம் முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாகப் பார்த்து வருவது வழக்கம். குளத்தினுள் இறங்கினால் பறவைகள் எழுந்து அடுத்த குளத்திற்குச் சென்றுவிடும். அங்கே அவை மீண்டும் எண்ணப்படவும் கூடும்.

முக்கிய இடங்கள்

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் நாங்குநேரி வட்டத்தில் உள்ளது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்றது. மணிமுத்தாறு அணையின் கால்வாய் நீர் இதற்கு வருகிறது. இங்கு கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமன்றி ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. பறவைகள் அஞ்சும் என்பதால் ஊர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது.

தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூர் 2005-இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலி நகருக்குள்ளேயே உள்ள நயினார்குளம், வேய்ந்தான்குளம் ஆகியவற்றிலும் நீர்ப்பறவைகளைக் காணலாம்.

கணக்கெடுப்பின் தேவை

நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை மூழ்கி இரை தேடுவதில்லை. தலையை மட்டும் நீரினுள் அமிழ்த்தி உண்பதால் அவற்றுக்கு ஆழம் குறைந்த நீர் வேண்டும். குளம் வறண்டாலும், அளவுக்கு மிஞ்சி நிரம்பினாலும் அவை வேறிடம் நாடுகின்றன. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது. 2023 டிசம்பரில் பெய்த பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. ஆகவே ஒரு குளத்தில் ஓர் ஆண்டில் வாத்து இல்லை என்பதைக் கொண்டு அவ்வினம் குறைந்துவிட்டதாகக் கூற இயலாது. பல குளங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணினால் மட்டுமே இடமாற்றத்தையும் உண்மையான வீழ்ச்சியையும் பிரித்தறிய முடியும்.

அச்சுறுத்தல்கள்

ஆக்கிரமிப்பு, கழிவுநீர், குப்பை கொட்டுதல், சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும் பரவுதல் ஆகியவை குளங்களைப் பாதிக்கின்றன. கூடு கட்டும் காலத்தில் குளத்து மரங்களை வெட்டுவதால் குஞ்சுகள் அழிகின்றன. சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள குளங்களுக்கு வனவிலங்குச் சரணாலயத்திற்குரிய சட்டப் பாதுகாப்பு கிடையாது. மடையும் கரையும் பழுதின்றி, பாசனத்திற்கு நீர் வரும் வரையே அவை பறவைகளுக்கும் வாழிடமாக நீடிக்கும்.