லாச்சிக்கு அடியில் இருந்த முத்திரை

த பேசினில் நாங்கள் இருக்கும் தெருவில், போன குளிர்காலம் ஒரு வீட்டார் பழைய லாச்சி அலுமாரி ஒன்றை வீதியோரம் வைத்திருந்தார்கள். நான் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். மரத்தைக் கண்டால் கால் தானாக நிற்கும். கேட்டுவிட்டுத் தூக்கி வந்தேன்.

இதை ஆர் செய்திருப்பினம்? பழைய தளபாடத்தின் முகத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை, முதுகைத்தான் பார்க்க வேண்டும். லாச்சியை இழுத்துக் கவிழ்த்தேன். மூலைப் பொருத்துக்கள் விரல் கோர்த்த மாதிரி, ஆனால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம். மிஷின் வெட்டியிருந்தால் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். ஆகவே கைவேலை. பின்பலகையில் வளைந்த கோடுகள், வட்ட வாள் அறுத்த அடையாளம். லாச்சியின் அடியில் மங்கலாக ஆங்கில முத்திரை ஒன்று. தமிழில் சொன்னால், ‘ஐரோப்பியத் தொழிலாளர் மட்டும்’.

திகைத்துப் போனேன். பிறகு தேடி வாசித்தேன். 1850களில் சீனர் தங்கம் தோண்ட விக்ரோறியாவுக்கு வந்தார்கள். தங்கம் குறைந்தபின் சீனர் பலர் தச்சுத் தொழிலில் இறங்கினார்கள். மெல்பேர்ண் லிற்றில் பேர்க் வீதியைச் சுற்றி அவர்களின் பட்டறைகள் இருந்தன. மலிவாகச் செய்து தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று வெள்ளைத் தொழிலாளரும் முதலாளிமாரும் எதிர்த்தார்கள். 1896இல் விக்ரோறியாவில் வந்த தொழிற்சாலைகள், கடைகள் சட்டம், தளபாடத்தைச் செய்தது ஐரோப்பியரா சீனரா என்று முத்திரையிட வைத்தது. ஒரேயொரு சீனர் வேலை செய்தாலும் அந்த இடம் தொழிற்சாலை என்றும் அதே சட்டம் சொன்னது. 1901இல் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து எங்களைப் போன்றவர்களுக்கும் கதவை அடைத்தது. அந்த வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை முற்றாக நீங்கியது 1973இல்தான்.

இண்டைக்குப் பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு அந்த முத்திரை ஒரு உதவி. பொருள் பெரும்பாலும் 1896க்குப் பிந்தியது என்று காட்டிக் கொடுக்கும். பெயர் இருந்தாலும் அது பட்டறை முதலாளியுடையது, அல்லது விற்ற கடையுடையது. உளி பிடித்தவனின் பெயர் இராது.

ஊரில் எங்கட வீட்டுக் கதிரைகளில் முத்திரையே இல்லை. ஆனால் செய்த தச்சரின் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே நான் வெட்டுகிற பலகையில் பார்கோட் இருக்கும், நான் இருக்க மாட்டேன்.

அலுமாரியை மினுக்கினேன். முத்திரையை மட்டும் உரஞ்சி அழிக்கவில்லை. மகள் அதை வாசித்துவிட்டு, “அப்பா, அப்ப நாங்கள் இதில இல்லையோ?” என்று கேட்டாள்.

“இல்லை. அதாலதான் அழிக்காமல் வைச்சிருக்கிறன்” என்றேன்.

இந்தச் சித்திரைப் புத்தாண்டுக் கைவிசேஷக் காசை அந்த லாச்சிக்குள் இருந்துதான் அவளுக்கு எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.