வழங்கி வன்தட்டுகளின் நலக் கண்காணிப்பு: ஒரு வரலாறு

சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகளில் உள்ள வன்தட்டுகளின் நிலையை வலையமைப்பின் வழியாகத் தொலைவிலிருந்து அறிந்து, அவை பழுதாகும் முன்பே எச்சரிக்கை பெறும் முறை வன்தட்டு நலக் கண்காணிப்பு எனப்படுகிறது. வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு, மருத்துவமனைக் குறிப்பு, குடும்பப் படம் எனப் பலவும் இன்று எங்கோ ஓர் அறையில் சுழலும் தட்டுகளில்தான் இருக்கின்றன. தட்டு கெட்டால் வேறொன்று வாங்கலாம். அதிலிருந்த தரவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இந்த அச்சமே இத்துறை வளரக் காரணம்.

தொடக்க காலம்

வன்தட்டுடன் வந்த முதல் வணிகக் கணினி, ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் அறிவித்த ராமக் ஆகும். அதன் தட்டு அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தன. அக்காலத்தில் இயந்திரத்தின் நலத்தைக் கவனித்தவர்கள் அருகிலிருந்த பணியாளர்களே. வன்தட்டில் தரவைப் படிக்கும் முனை, சுழலும் தட்டின் மேல் மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்கிறது. முனை தட்டில் உரசினால் காந்தப் பூச்சு சிதையும். அந்த இடத்துத் தரவும் போய்விடும். தட்டுகள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகி, பூட்டிய அறைகளுக்குள் சென்றபோது, ஆள் நின்று கவனிப்பது இயலாததாயிற்று.

எண்ணிக்கை தந்த சிக்கல்

1988இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் ரெய்ட் என்ற தட்டு அணி முறையை விளக்கி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக, மலிவான பல சிறு தட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்களின் கருத்து. அதில் உள்ள இடரையும் அவர்களே கணக்கிட்டுக் காட்டினர். ஒரு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று கொள்வோம். 100 தட்டுகளைச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகச் சராசரியாக 300 மணி நேரமே ஆகும். அதாவது இரண்டு வாரத்துக்கும் குறைவு.

இதற்குத் தீர்வாக, தட்டுகளில் கூடுதல் தகவலையும் எழுதி வைத்தனர். ஒரு தட்டு போனாலும் மற்றவற்றிலிருந்து அதன் தரவை மீட்கலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பே ஒரு புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. ஒரு தட்டு இறந்தபின்னும் வழங்கி வழக்கம்போல் வேலை செய்கிறது; பயன்படுத்துவோருக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை. ஒரு தட்டின் இழப்பை மட்டுமே தாங்கும் அணியில், முதல் தட்டை மாற்றும் முன் இரண்டாவதும் போனால் தரவு அழியும். எனவே தட்டு அணிக்குக் கண்காணிப்பு இன்றியமையாதது.

தட்டே பேசத் தொடங்கியது

1992இல் ஐ.பி.எம்., ஏ.எஸ்/400 கணினிகளுக்கான 9337 தட்டு அணியில், பழுதை முன்கூட்டியே கணிக்கும் வசதியைச் சேர்த்தது. காம்பாக் நிறுவனம் தட்டுத் தயாரிப்பாளர்களான சீகேட், குவாண்டம், கானர் ஆகியவற்றுடன் சேர்ந்து இன்டெலிசேஃப் என்ற முறையை உருவாக்கி, 1995இல் அதைப் பொதுத் தரமாக்க முன்வைத்தது. இவற்றின் வழியே உருவானதே ஸ்மார்ட் என்ற தொழில்நுட்பம். தன்னைத் தானே கண்காணித்து, ஆராய்ந்து, அறிவிக்கும் நுட்பம் என்பது அப்பெயரின் பொருள்.

இதன் செயல்முறையைத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிடலாம். தட்டு தன் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு மதிப்பெண் வைத்துக்கொள்கிறது. தேய்மானம் கூடக்கூட அம்மதிப்பெண் பொதுவாகக் குறைகிறது. பழுதைக் குறிக்கும் ஒரு முக்கியப் பண்பின் மதிப்பெண், அதற்குரிய தேர்ச்சி எல்லைக்குக் கீழே இறங்கினால் தட்டு எச்சரிக்கிறது. ஆனால் இங்கே வினாத்தாளும் தேர்ச்சி எல்லையும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுகின்றன. ஆகவே அனுபவமுள்ளோர் மதிப்பெண்ணோடு நிற்காமல் மூல எண்ணிக்கைகளையும் பார்க்கின்றனர். அவற்றுள் முக்கியமானவை இரண்டு. 5ஆம் பண்பு, கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கை. 197ஆம் பண்பு, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் துண்டங்களின் எண்ணிக்கை.

வலையமைப்பின் வழியே

தட்டு எச்சரித்தாலும் கேட்க ஆள் வேண்டும். அதற்கான வழி வலையமைப்புத் துறையில் முன்பே உருவாகியிருந்தது. எஸ்.என்.எம்.பி. என்ற எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை 1988இல் வெளியானது. இதில் ஒவ்வொரு கருவியிலும் முகவர் என்ற சிறு நிரல் இயங்கும். மைய மேலாளர் நிரல் குறித்த இடைவெளிகளில் முகவரிடம் நிலையைக் கேட்கும். அவசரமானால் முகவர் தானாகவே பொறி எனப்படும் எச்சரிக்கைச் செய்தியை அனுப்பும். வழக்கமான பொறிச் செய்திக்கு ஒப்புகை கிடையாது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். ஆகவே செய்தி வரும் என்று காத்திராமல், மேலாளரும் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

1999இல் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்ட நெட்செயின்ட், பின்னர் நாகியோஸ் எனப் பெயர் மாறி, பல வழங்கிகளை ஒரே திரையில் கண்காணிக்கப் பரவலாகப் பயன்பட்டது. 2002இல் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் புரூஸ் ஆலன் தொடங்கினார். ஈர்ப்பலைகளை ஆராயும் இயற்பியலாளரான அவர், ஆய்வுத் தரவைக் கையாளும் பெரிய கணினிக் கொத்தைப் பராமரித்து வந்தார். மைக்கேல் கார்ன்வெல் முன்பு எழுதிய ஸ்மார்ட்சூட் என்ற நிரலே அதற்கு அடிப்படை. இதிலுள்ள ஸ்மார்ட்டி என்ற பின்னணி நிரல், இயல்பு அமைப்பில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுகளைச் சோதிக்கிறது. குறை கண்டால் மின்னஞ்சல் அனுப்பும்படியும் அதை அமைக்கலாம்.

இங்கே மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தட்டு அணியின் கட்டுப்பாட்டு அட்டை, பல தட்டுகளை ஒரே தட்டாக இயங்குதளத்துக்குக் காட்டுகிறது. மெய்நிகர் கணினிக்குள் இருப்பவருக்கும் பொதுவாக உண்மையான தட்டு தெரியாது. எனவே உள்ளிருக்கும் ஒவ்வொரு தட்டின் நலத்தையும் அறிய, அந்த அட்டையிடமோ, மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் அடிப்படைக் கணினியிடமோதான் கேட்க வேண்டும்.

முன்னறிவிப்பு எவ்வளவு நம்பத்தக்கது?

2007இல் கூகிள் நிறுவனத்தின் எடுவார்டோ பின்ஹெய்ரோ, வொல்ஃப் டீட்ரிக் வெபர், லூயிஸ் ஆந்த்ரே பரோசோ ஆகியோர் 1,00,000க்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய தட்டு, அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டனர். அதே ஆய்வில், பழுதான தட்டுகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலான எந்த ஸ்மார்ட் பண்பிலும் எந்தக் குறியும் காட்டவில்லை என்பதும் தெரிந்தது. வெப்பம் கூடினால் பழுது கூடும் என்ற பொது நம்பிக்கைக்கும் எதிர்பார்த்த அளவு சான்று கிடைக்கவில்லை.

தரவுச் சேமிப்பு நிறுவனமான பேக்பிளேஸ் 2016இல் வெளியிட்ட கணக்கும் இதை ஒத்ததே. 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்து பண்புகளை அந்நிறுவனம் கவனித்தது. பழுதான தட்டுகளில் 76.7 விழுக்காடு இவற்றுள் ஒன்றிலேனும் முன்குறி காட்டியிருந்தன. நன்றாக இயங்கிய தட்டுகளில் 4.2 விழுக்காடும் அவ்வாறே காட்டின. பழுதானவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்று சொல்லாமலே போனது.

வரலாறு தரும் பாடம்

எச்சரிக்கை வந்தால் அதை நம்பித் தட்டை மாற்ற ஆயத்தமாக வேண்டும் என்பது இந்த வரலாறு காட்டும் முதல் உண்மை. எச்சரிக்கை வராததை நலத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்பது இரண்டாவது. தட்டு திடீரென நின்றிருக்கலாம். கண்காணிக்கும் நிரலே நின்றிருக்கலாம். மின்னஞ்சல் யாரும் திறக்காத முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். எனவே எச்சரிக்கை உரியவரைச் சென்று சேர்கிறதா என்பதையும் அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்.

தட்டு அணியும் கண்காணிப்பும் காப்பு நகலுக்கு மாற்றாகா. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு, நலமாக உள்ள தட்டிலிருந்தும் மறைந்துவிடும். வேறோரிடத்தில் ஒரு நகல் வைத்து, அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று முயன்று பார்த்தவரே இழப்பிலிருந்து தப்புகிறார்.